செக்‌ஷன் 8 வவுச்சர் வந்துவிட்டது. வீடு கிடைப்பது எப்படி?

கேள்வி: நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுண்டியில் இரண்டு பிள்ளைகளுடன் தனியாக வசிக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. கடை ஒன்றில் வேலை செய்து மாதம் சுமார் 2,500 டாலர் சம்பாதிக்கிறேன். அதில் 1,900 வாடகைக்கே போய்விடுகிறது. வாடகையில் ஒரு பங்கை அரசே கட்டும் உதவியான செக்‌ஷன் 8 வவுச்சருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் விண்ணப்பித்திருந்தேன்; அது இப்போது வந்திருக்கிறது. அறுபது நாட்களுக்குள் வீடு பிடிக்க வேண்டும் என்கிறார்கள். இப்போதைய வீட்டுக்காரரோ "நாங்கள் செக்‌ஷன் 8 ஏற்பதில்லை" என்கிறார். வெளியே விசாரித்தால், வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில், இப்போதைய வீட்டை விட்டுவிட்டு வேறு வீடு தேட வேண்டும் என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். வவுச்சரை நீங்கள் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டிலேயே பயன்படுத்தலாம். நியூ ஜெர்சியின் பாகுபாடு தடைச் சட்டப்படி, வாடகைக்கான பணம் அரசு உதவியாக வருகிறது என்ற காரணத்தைச் சொல்லி ஒருவருக்கு வீடு மறுப்பது சட்டவிரோதம். ஏற்கெனவே குடியிருப்பவர் கொண்டுவரும் வவுச்சரையும் வீட்டுக்காரர் மறுக்க முடியாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1999-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. இதே கேள்வியை டெக்சாஸிலிருந்து ஒருவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அங்கே நகரங்கள் தங்கள் அளவில் இத்தகைய பாதுகாப்பைக் கொண்டுவருவதையே 2015-ல் மாநிலச் சட்டம் தடுத்துவிட்டது. கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவான தடை இல்லாததால், ஒரே வவுச்சருக்கு மாநிலத்துக்கு மாநிலம் மதிப்பு மாறுகிறது.

மூன்று மடங்கு சம்பளம் என்ற நிபந்தனையும் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. நியூ ஜெர்சியில் அந்தக் கணக்கை முழு வாடகையின் மீது போடக்கூடாது. உங்கள் கையிலிருந்து நீங்கள் கட்டும் பங்கின் மீதுதான் போட வேண்டும். ஆகவே உங்கள் பங்கு 720 டாலர் என்றால் 2,160 டாலர் வருமானமே போதும். ஆனால் ஒரு விலக்கு உண்டு. இரண்டு குடும்பங்கள் வசிக்கும் வீட்டில் ஒரு பகுதியில் உரிமையாளரே குடியிருந்து, மற்றதை வாடகைக்கு விட்டால் இந்தச் சட்டம் பெரும்பாலும் அவரைக் கட்டுப்படுத்தாது. நம்மவர்கள் பலர் தெரிந்தவர் மூலமாக இப்படிப்பட்ட வீடுகளையே தேடுகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்; நட்பு முறையில் கேட்டுப் பார்க்கலாம், சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

மறுப்பு எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "இல்லை" என்று சொன்னால், அன்றைக்கே "வவுச்சர் காரணமாக மறுத்தீர்கள் என்று புரிந்துகொள்கிறேன், தவறானால் தெரிவியுங்கள்" என்று மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பிவிடுங்கள். மாநிலத்தின் டிவிஷன் ஆன் சிவில் ரைட்ஸ் அலுவலகத்தில் 180 நாட்களுக்குள் புகார் செய்யலாம். பெரிய குடியிருப்பு நிறுவனமாக இருந்தால், சட்டத்தைச் சுட்டிக்காட்டும் ஒரு கடிதத்திலேயே பல நேரங்களில் காரியம் முடிந்துவிடும். அந்தக் கடிதத்தை எழுத லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி போன்ற இலவசச் சட்ட உதவி அமைப்புகளை நாடலாம்.

அடுத்தது கணக்கு, இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் மொத்த வருமானத்திலிருந்து, பிள்ளைகளுக்கான சிறு கழிவும், வேலைக்குப் போவதற்காக நீங்கள் செலவிடும் குழந்தைப் பராமரிப்புத் தொகையும் கழிக்கப்படும். கழிவுக்குப் பின் மாதம் 2,400 டாலர் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் 30 விழுக்காடான 720 டாலர் உங்கள் பங்கு. வவுச்சரை வழங்கும் உள்ளூர் அமைப்பான ஹவுசிங் அத்தாரிட்டி ஒவ்வொரு அளவு வீட்டுக்கும் ஓர் உச்சத் தொகையை வைத்திருக்கும். கணக்குக்காக அது 2,000 டாலர் என்று கொள்வோம். வாடகையும், வாடகையில் சேராமல் நீங்களே கட்டும் மின்சாரம், எரிவாயு ஆகியவற்றுக்கான மதிப்பீடும் சேர்ந்து 2,000-க்குள் இருந்தால் 720 போக மீதியை, அதிகபட்சம் 1,280 டாலரை, அவர்கள் கட்டுவார்கள். மொத்தம் 2,200 ஆனால், கூடுதலான 200-ம் உங்கள் தலையில் விழுந்து 920 ஆகும். 2,300 ஆனால் உங்கள் பங்கு 1,020. புதிதாகக் குடியேறும்போது வருமானத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 960 டாலருக்கு மேல், நீங்கள் கட்டும்படி வந்தால் அந்த வீட்டுக்கு ஒப்புதல் கிடைக்காது. எனவே ஹீட்டிங் கட்டணம் யார் தலையில் என்பதை வாடகை கேட்கும்போதே கேளுங்கள். கணக்கைப் புரட்டிப்போடுவது பெரும்பாலும் அதுதான்.

வரம்புக்குச் சற்று மேலே நிற்கும் வீட்டுக்காரர் சிலர், "மீதியைத் தனியாகக் கையில் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். அனுமதிக்கப்பட்ட தொகைக்கு மேல் ஒரு டாலர் கொடுத்தாலும் அது மோசடி, வவுச்சரே பறிபோகும். அட்வான்ஸ் தொகையைப் பொதுவாக வவுச்சர் ஏற்காது என்பதால் அதற்குத் தனியாகப் பணம் திரட்ட வேண்டும். ஆனால் நியூ ஜெர்சியில் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் அதைக் கேட்க முடியாது.

வேறு வீடு தேட வேண்டியதாகவே முடிந்தால், எளிய வருமானத்தினருக்கு வீடு கட்டுவோருக்காக 1986-ல் வந்த வரிச்சலுகைத் திட்டத்தில் கட்டப்பட்ட குடியிருப்புகளிலிருந்து தொடங்குங்கள். அங்கே வாடகை, வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தை வைத்து நிர்ணயிக்கப்படுகிறதே தவிர, குடியிருப்பவரின் வருமானத்துக்கு ஏற்பக் குறையாது; அதனால் வவுச்சர் இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு அதுவும் எட்டாமல் போகிறது. ஆனால் வவுச்சர் வைத்திருக்கிறார் என்பதற்காக ஒருவரை மறுக்க அந்தக் குடியிருப்புகளுக்கு எந்த மாநிலத்திலும் அனுமதி இல்லை. இத்துடன் நியூ ஜெர்சிக்கே உரிய ஒரு வாசலும் உண்டு. மனையின் குறைந்தபட்ச அளவு போன்ற விதிகளால் ஏழைகளை வெளியே நிறுத்திய மவுண்ட் லாரல் ஊரை எதிர்த்து அங்கிருந்த கறுப்பினக் குடும்பங்கள் தொடுத்த வழக்கில், எளியவர்களுக்கான வீடுகளுக்கு ஊர்கள் தத்தம் பங்குக்கு இடம் தர வேண்டும் என்று 1975-ல் தீர்ப்பு வந்தது. நல்ல பள்ளிகள் உள்ள புறநகர்களில் இன்று இருக்கும் கட்டுப்படியான வாடகை வீடுகளில் பெரும்பகுதி அதன் பலன். அவை குலுக்கல் முறையில் வழங்கப்படுவதால், வவுச்சர் இருந்தாலும் தனியே பதிந்து வைப்பது நல்லது.

அறுபது நாள் என்பது குறைந்தபட்சக் கெடு. ஒரு வீட்டைத் தேர்ந்து, வாடகை ஒப்புதல் கோரும் படிவத்தை ஹவுசிங் அத்தாரிட்டியிடம் கொடுத்த நாளிலிருந்து, அவர்கள் முடிவு சொல்லும் நாள்வரை கெடு ஓடாமல் நிற்கும். அதன் பிறகும் போதாவிட்டால், கெடு முடிவதற்கு முன்பே, பார்த்த வீடுகளின் முகவரி, தேதி, மறுப்புக்கான காரணம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு எழுத்து மூலம் நீட்டிப்புக் கேளுங்கள். நீட்டிப்பது பெரும்பாலும் அவர்கள் விருப்பம். பட்டியலோடு வருபவரின் கோரிக்கையைத் தள்ளுவது கடினம். விண்ணப்பித்தபோதே அவர்களின் எல்லைக்குள் குடியிருந்தவராக இருந்தால், வாடகை குறைந்த வேறு கவுண்டிக்கோ மாநிலத்துக்கோ வவுச்சரை மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கெடுவைத் தவறவிட்டால் வவுச்சர் அடுத்தவருக்குப் போய்விடும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். உணவு உதவித் திட்டத்தில் தகுதியுள்ள யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும். வாடகை உதவி அப்படியல்ல. நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தின் அளவுக்கே அது எட்டுவதால், தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது. காத்திருப்புப் பட்டியலில் பெயர் சேர்க்கப் பணம் கேட்பவர்கள் பெருகியிருப்பதும் இந்தத் தட்டுப்பாட்டினால்தான்; விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

இப்போதைய வீட்டைக் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுப்பதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். புதிய வீடு ஹவுசிங் அத்தாரிட்டியின் ஆய்வில் தேறி, ஒப்புதலும் வந்த பிறகே உதவித்தொகை தொடங்கும்; அதற்கு முன் குடியேறினால் அந்த நாட்களுக்கான முழு வாடகையையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும். உடைந்த ஜன்னல் தாழ்ப்பாள், இயங்காத புகை எச்சரிக்கைக் கருவி போன்றவற்றுக்காகவே ஆய்வில் தவறும் வீடுகள் உண்டு. ஆய்வாளர் வருவதற்கு முன் வீட்டுக்காரரிடம் சொல்லி அவற்றைச் சரிசெய்துவிடுங்கள்.