ஹெல்மெட் போட்டால் காதுக்கும் போதுமா? அமெச்சூர் கார் ரேஸ் ஓட்டுபவர்களுக்கு

கேள்வி: திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றின் பின்சீட்டைக் கழற்றி, சைலன்சரை மாற்றி, கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மாதம் ஒருமுறை ஓட்டுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு மறுநாள் காலை வரை காதுக்குள் சில்வண்டு கத்துகிறது. ஹெல்மெட் இருக்கும்போது வேறெதுவும் வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். பஞ்சு வைத்துப் பார்த்தேன், பலனில்லை. இயர்பிளக் வைத்தால் என்ஜின் சத்தம் தெரியாமல் கியர் தப்பிவிடுமோ என்று பயம். எதை வாங்குவது, எப்படி வைப்பது?

பதில்: அந்தச் சில்வண்டுச் சத்தத்தை அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஒரு சுருள் இருக்கிறது. ஒலியை நரம்புக்கு மாற்றிக் கொடுக்கும் நுண்மயிர்ச் செல்கள் அதில்தான் வரிசையாக உள்ளன. அளவு மீறிய சத்தத்தில் அவை துவண்டுபோகும். காலையில் இரைச்சல் நின்றால் பெரும்பகுதி தேறிவிட்டது என்று பொருள், எல்லாமே தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. இறந்த செல் மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. அதனால் பல வருடங்களுக்கு வீட்டில் பேசுவது நன்றாகவே கேட்கும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னது ‘கல்’லா ‘பல்’லா என்று பிடிபடாமல் போகும்போதுதான் உறைக்கும். அப்போது மருந்து கிடையாது.

நண்பர்கள் சொல்வது பாதிதான் சரி. ஹெல்மெட் மண்டைக்கான கவசம். அதன் உள்மெத்தை கீச்சென்ற சத்தத்தை ஓரளவு தடுக்கும். சைலன்சரின் ‘பூம்’ என்ற தாழ்ந்த ஒலி ஏறக்குறைய அப்படியே உள்ளே வரும். கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும்போது ஹெல்மெட்டின் கீழ் விளிம்பில் மோதும் காற்று தன் பங்குக்கு ஒரு இரைச்சலைச் சேர்க்கும். பஞ்சின் கதை வேறு. அது காதுக்குழாயை அடைப்பதே இல்லை, இழைகளுக்கு நடுவில் ஒலி தாராளமாகப் போகும்.

எவ்வளவு சத்தத்தை எவ்வளவு நேரம் காது தாங்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், 85 டெசிபலுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம் என்று வரம்பு வைத்துள்ளது. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 94-க்கு 1 மணி, 100-க்கு 15 நிமிடம். உள்ளே எல்லாம் கழற்றிய கார் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். உங்கள் காரில் 106 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 4 நிமிடம்கூடக் கிடையாது. தலா 15 நிமிடமாக நான்கு சுற்று ஓட்டினால் 60 நிமிடம். வரம்பைப் போல 16 மடங்கு. இரைச்சல் ஏன் காலை வரை நிற்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

அளந்து பார்க்க ஆசைப்பட்டால், ஐபோனுக்கு நயோஷ் இலவசமாகத் தரும் ஒலியளவு செயலி நம்பத்தக்கது. ஆண்ட்ராய்டு செயலிகள் போனுக்குப் போன் மாறும், 100-க்கு மேல் பல மைக்குகள் திணறிக் குறைத்துக் காட்டும். ஏ-வெயிட்டிங்கில், அதாவது மனிதக் காது உணரும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் முறையில் வைத்து அளக்க வேண்டும். போனைச் சீட்டில் போட்டுவிட்டு ட்ராக்கில் இறங்காதீர்கள். காருக்குள் கட்டப்படாத எந்தப் பொருளும் மோதலில் கல்லாகப் பறக்கும்.

இந்த 106-ஐக் குறைந்தது 94-க்கு இறக்க வேண்டும், 85-ஐ ஒட்டி வந்தால் நிம்மதி. ஃபோம் இயர்பிளக் பாக்கெட்டில் என்.ஆர்.ஆர். 29 என்று போட்டிருக்கும், எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற மதிப்பீடு அது. ஆனால் ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர் வைத்துவிட்டு அளந்த எண். ஏ-வெயிட்டிங்கில் அளந்த சத்தத்துக்கு அதிலிருந்து 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்குவது எச்சரிக்கையான கணக்கு. 29-க்கு 11 வரும். 106 போய் 95 ஆகும், அனுமதி 47 நிமிடம், நீங்கள் ஓட்டுவதோ 60. அதே பிளக்கை ஒழுங்காக உள்ளே வைத்து உண்மையாக 20 டெசிபல் குறைத்தால் 86, ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பாக்கெட்டில் 33 என்று போட்டதைத் தேடி அலைவதைவிட 29-ஐச் சரியாக வைக்கப் பழகுவதுதான் காதைக் காப்பாற்றும்.

வைக்கும் முறை இதுதான். கையைக் கழுவித் துடையுங்கள். கிரீஸ், பிரேக் ஆயில் பட்ட விரலோடு காதுக்குப் போகக்கூடாது. பிளக்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஊதுபத்தி உருட்டுவதுபோல் மெதுவாக உருட்டி, முடிந்த மட்டும் ஒல்லியாக்குங்கள். மடிக்கவோ நசுக்கவோ கூடாது. ஒரு சுருக்கம் விழுந்தாலும் அந்தப் பள்ளத்தின் வழியே ஒலி கசியும். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மடலைப் பிடித்து மேலும் பின்னும் இழுங்கள். காதுக்குழாய் வளைந்தது, இப்படி இழுத்தால்தான் நேராகும். உருட்டிய பிளக்கை வலது கையால் உடனே உள்ளே தள்ளி, விரல் நுனியால் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பத்து விநாடியில் விட்டால் ஃபோம் விரியும்போதே தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. சூட்டில் ஃபோம் இளகி எளிதாக உருளும், ஆனால் வேகமாக விரிந்தும்விடும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் உருட்டிவிட்டு யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசினால் அதற்குள் பழைய பருமனுக்கு வந்திருக்கும். டேஷ்போர்டில் போட்டு வைக்காமல் நிழலில் ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க மூன்று அடையாளங்கள். நேர் எதிரே நிற்பவருக்குப் பிளக் வெளியே துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. உங்கள் குரல் அண்டாவுக்குள் பேசுவதுபோல் முழங்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக. என்ஜின் ஓடும்போது இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தி எடுங்கள். பொத்தும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் கசிகிறது, எடுத்து மறுபடி வையுங்கள். ஒருவருக்கே வலக் காதுக்குழாயும் இடக் காதுக்குழாயும் ஒரே அளவில் இருக்கும் என்பதில்லை. எத்தனை முறை வைத்தாலும் ஒரு பக்கம் கசிந்தால் அந்தப் பக்கத்துக்குச் சிறிய அளவோ பெரிய அளவோ வாங்கிப் பாருங்கள்.

முதலில் பிளக், அதன்மேல் பாலகிளாவா எனும் தலைமூடித் துணி, கடைசியில் ஹெல்மெட். போடும்போது கன்ன மெத்தைகளை இரு கையாலும் வெளிப்பக்கம் விரித்துப் பிடித்து இறக்குங்கள். இல்லாவிட்டால் மெத்தை மடலை மடக்கி, பிளக்கைப் பாதி இழுத்துவிடும். கயிறு வைத்த பிளக் ஹெல்மெட்டுக்கு உதவாது, கயிறில்லாததே வாங்குங்கள். கழற்றும்போது வெடுக்கென்று பிடுங்கினால் செவிப்பறையில் உறிஞ்சல் விழும். லேசாகத் திருகி, காற்று புக விட்டு எடுங்கள்.

என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்பே வைத்து, அணைத்த பிறகுதான் எடுக்க வேண்டும். 30 டெசிபல் குறைக்கும் பிளக்கை 60 நிமிடத்தில் 6 நிமிடம் மட்டும் எடுத்து வைத்தாலும் மொத்தப் பயன் 10 டெசிபலுக்குச் சுருங்கிவிடும். பாதி நேரம் எடுத்து வைத்தால் கிடைப்பது வெறும் 3. பிட்டில் (கார்களை நிறுத்திப் பார்க்கும் இடம்) பேச்சுக்காக ஒரு பக்கத்தை மட்டும் கழற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தக் காதுதான் முதலில் போகும்.

இப்போது உங்கள் கியர் பயத்துக்கு வருவோம். பிளக் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் குறைக்கிறது. என்ஜினை மட்டும் தனியாக அழிப்பதில்லை. பேரிரைச்சலில் காதே திணறிப்போய் ஒலிகளைப் பிரித்தறியும் திறனை இழக்கும். அளவைக் குறைத்தால் டயர் கீச்சிடுவதும் என்ஜின் ஏறுவதும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். போதாததற்கு என்ஜின் அதிர்வு சீட், ஸ்டீயரிங், கியர் கம்பி வழியாக உடம்புக்கே வருகிறது. ஆனாலும் முதல் இரண்டு முறை விசித்திரமாகத்தான் இருக்கும். அதனால் ட்ராக்கில் புதிதாகத் தொடங்காமல், வீட்டு வாசலில் கார் நிற்கும்போதே பிளக் வைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, என்ஜின் சுழலும் வேகம் காட்டும் டேக்கோமீட்டர் முள்ளையும் சத்தத்தையும் பொருத்திப் பாருங்கள். கியர் மாற்ற வேண்டிய நேரத்தில் எரியும் ஷிஃப்ட் லைட் ஒன்று வைத்துவிட்டால் கவலையே இல்லை. மார்ஷல்கள் கொடியால்தான் பேசுகிறார்கள். மஞ்சளும் சிவப்பும் நீலமும் கண்ணுக்கானவை.

எதை வாங்குவது என்றால், முதலில் ஃபோம். கப்பலூர் தொழிற்பேட்டைக்குச் சாமான் கொடுக்கும் தொழிற்சாலைப் பாதுகாப்புக் கடைகளில் கேளுங்கள். இரண்டு மூன்று வடிவங்களில் சில ஜோடிகள் வாங்கி, எது உட்காருகிறது என்று பாருங்கள். அழுக்கானதும் தூக்கிப் போடுங்கள், கழுவினால் ஃபோமின் துள்ளல் கெட்டுவிடும். ஆறு மாதம் ஓட்டிய பிறகும் இந்த விளையாட்டில் நிற்பீர்கள் என்று தோன்றினால் காதின் அச்செடுத்துச் செய்யும் சிலிக்கோன் பிளக்குக்குப் போகலாம். சில ஆயிரம் ரூபாய் ஆகும். செவித்திறன் நிபுணர் குறும்பி இருக்கிறதா என்று பார்த்து, காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி ஒரு சிறு பஞ்சுத் தடையை வைத்துவிட்டுத்தான் அச்சுக் கலவையை ஊற்ற வேண்டும். தடை வைக்காமல் ஊற்ற வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், கலவை செவிப்பறையில் ஒட்டிக்கொண்டால் பெரிய தொல்லை. வாயைத் திறந்து வைத்து அச்செடுத்தால் தாடை அசையும்போதும் கசியாது. 15 அல்லது 25 டெசிபல் ஃபில்டர் போட்ட வகை எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைக்கும். உங்கள் காருக்கு 25.

பாட்டுக் கேட்கும் நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் வேண்டவே வேண்டாம். பாதுகாப்புச் சாதனமாகச் சோதித்து மதிப்பிட்டவை அல்ல, காற்றிரைச்சலில் தடுமாறும், ஹெல்மெட் அழுத்தும்போது அந்தக் கெட்டி பிளாஸ்டிக் காதைக் குத்தும். ரேலியில் நேவிகேட்டரோடு இன்டர்காம் தேவைப்பட்டால் அச்சுப் பிளக்குக்குள்ளேயே ஸ்பீக்கர் வைத்த வகை உண்டு. இரைச்சலை அடைத்துவிட்டுக் குறைந்த வால்யூமில் கேட்பதுதான் அதன் பயன்.

வியர்வையில் மணிக்கணக்காக அடைத்து வைத்தால் காதில் காளான் பிடிக்கும். சுற்று முடிந்ததும் எடுத்துக் காதைக் காய விடுங்கள். நம் வீடுகளில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கோழி இறகு, பட்ஸ், சாவி என்று காதுக்குள் விடாத பொருள் இல்லை. எண்ணெய் ஈரத்தில் காளான் செழிக்கும், பட்ஸ் குறும்பியை உள்ளே இடித்துத் தள்ளும். அந்தக் குறும்பி மேல் பிளக்கை வைத்தால் அடைப்பு முற்றும்.

காரையும் கொஞ்சம் பாருங்கள். பின்சீட்டும் கார்ப்பெட்டும் போனதால் பின்தளத் தகடு முரசுத்தோல் ஆகிவிட்டது. தகட்டை முழுக்க மூட வேண்டாம். அகலமான பரப்புகளின் நடுவில் கால்பங்கு அளவுக்கு 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் (அதிர்வை உறிஞ்சும் ரப்பர் தகடு) ஒட்டினாலே அதிர்வு அடங்கும். பெட்ரோலை உறிஞ்சும் ஸ்பாஞ்ச் ஒட்டாதீர்கள், தீப் பிடித்தால் ஆபத்து. என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் வயர் போகும் ஓட்டைகளில் ரப்பர் க்ரோமெட் (ஓட்டையை அடைக்கும் வளையம்) இருக்கிறதா, என்ஜினிலிருந்து புகைக்குழாய் தொடங்கும் இடத்திலுள்ள மேனிஃபோல்ட் கேஸ்கெட் ‘டிக் டிக்’ என்று கசிகிறதா, சைலன்சர் குழாய் பம்பரைத் தாண்டி வெளியே முடிகிறதா என்று பாருங்கள். கசிவு இருந்தால் சத்தத்தோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். அது மயக்கம் தருவதோடு சத்தத்தால் உள்காதுக்கு வரும் சேதத்தையும் கூட்டக்கூடியது. பெயின்ட், தின்னரில் உள்ள டொலுவீன், சைலீன் ஆவியும் காதுக்குக் கெடுதல் செய்பவை. போட்டிக்கு முந்தின இரவு மூடிய ஷெட்டில் பெயின்ட் அடிக்காதீர்கள்.

தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று வீடு திரும்பும் அந்த 200 கி.மீ.க்கு மேற்பட்ட தூரமும் கணக்கில் சேரும். முடிந்தால் அமைதியான வேறொரு காரில் கண்ணாடியை ஏற்றி, பாட்டை அணைத்து வாருங்கள். அன்றைக்கே ஊர்த் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்கும் வேட்டுக்கும் பக்கத்தில் போய் நிற்க வேண்டாம். துவண்ட காது தேற வேண்டியது அந்த இரவில்தான்.

இந்த மாதமே ஒரு ப்யூர் டோன் ஆடியோகிராம், அதாவது ஒவ்வொரு சுருதியிலும் காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை எடுங்கள். மதுரை அரசு ராசாசி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம். ஓட்டிய மறுநாள் போகாதீர்கள். முந்தின 16 மணி நேரமாவது அமைதியில் இருந்துவிட்டுப் போனால்தான் உண்மை நிலை தெரியும். 3,000, 4,000, 6,000 ஹெர்ட்ஸிலும் அளக்கச் சொல்லுங்கள். 4,000-ஐ ஒட்டிக் கோடு பள்ளமாக இறங்கி 8,000-ல் மறுபடி ஏறினால் அது சத்தத்தின் அடையாளம். தாளைப் பத்திரப்படுத்தி, ஆண்டுக்கொரு முறை எடுப்பதை அதனோடு ஒப்பிடுங்கள். இரைச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் அடுத்த ட்ராக் டேயை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். என்றைக்காவது ஒரு காது திடீரென்று மந்தமானால் குறும்பிதானே என்று ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். திடீர்க் காதுகேளாமைக்கு ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம்.