பழைய கார்களின் இக்னிஷன் டைமிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) வைத்து முடித்தபின் பாயிண்ட் இடைவெளியைத் திருத்தினேன். வண்டி மறுபடியும் இழுக்கத் திணறுகிறது. ஏன்?

பதில்: வேலையின் வரிசை மாறிவிட்டது. பாயிண்ட் எனும் மின்தொடுப்பு திறக்கும் கணத்தில்தான் பிளக்கில் பொறி விழுகிறது. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங் அட்வான்ஸ் ஆகும் (பொறி முன்கூட்டியே விழும்). குறைந்தால் ரிடார்டு ஆகும் (பொறி தாமதமாக விழும்). எனவே முதலில் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இடைவெளியை வைத்து (பல எஞ்சின்களில் ஏறத்தாழ 0.4 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி), அதன் பிறகே டிஸ்ட்ரிபியூட்டரை (பொறிக்கான மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் பாகம்) தொட வேண்டும்.

கேள்வி: டைமிங் லைட்டைப் பயன்படுத்தும்போது எவற்றில் கவனம் தேவை?

பதில்: கண்ணை நம்பாதீர்கள். முதல் சிலிண்டரின் பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் லைட் மின்னுவதால், கிராங்கோடு (எஞ்சினின் முதன்மைத் தண்டு) சுழலும் புல்லி அசையாமல் நிற்பதுபோல் தெரியும். ஃபேனும் மெல்லச் சுற்றுவதுபோலத் தோன்றலாம். என் லைட்டின் ஒயரை ஒருமுறை ஃபேன் இழுத்து அறுத்தது; அந்த இடத்தில் விரல் இல்லாதது என் நல்ல காலம். காற்றோட்டமான இடத்தில், நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்திய நிலையில் இணைப்புகளைக் கொடுத்து, புல்லியின் டைமிங் குறியைச் சுண்ணக்கட்டியால் வெளுப்பாக்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடேறியபின், கையேடு அவ்வாறு கூறினால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்கம் (வெற்றிட) குழாயைக் கழற்றி அடைத்து, குறிப்பிட்ட ஐடிலிங் வேகத்தில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகம்) குறி கையேடு சொல்லும் அளவில் நிற்கிறதா என்று பாருங்கள். ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் பாகம்) சுற்றும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் அட்வான்ஸ் ஆகும். ரோட்டார் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இங்கே 1 டிகிரி திருப்பினால் புல்லியில் 2 டிகிரி நகரும். மயிரிழை அசைவே போதும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் நட்டை இறுக்கும்போதே அது சற்று நகர்ந்துவிடுவதுண்டு என்பதால், இறுக்கியபின் மறுபடியும் லைட் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: மேடு ஏறும்போது கிணுகிணுவென்று சத்தம் வருகிறது.

பதில்: அட்வான்ஸ் மிகுதியானதே முதல் சந்தேகம், சிலிண்டருக்குள் படிந்த கரியும் பெட்ரோலின் தரமும் அடுத்தவை. சத்தம் அடங்கட்டும் என்று அளவின்றி ரிடார்டு செய்யாதீர்கள்: எரிதல் தாமதமாகி, இழுவை குறைந்து எஞ்சின் கொதிக்கும்.

கேள்வி: டைமிங் லைட் இல்லாமல் வைக்க முடியுமா?

பதில்: பாயிண்ட் உள்ள வண்டியில், கையேட்டில் எஞ்சின் ஓடாத நிலைக்கான அளவு இருந்தால் முடியும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் (கலவையை அழுத்தும் கட்டத்தில்) இருக்கும்போது, ஓடும் திசையிலேயே கிராங்கைச் சுற்றிக் குறிக்குக் கொண்டுவாருங்கள். காயிலிலிருந்து (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே 12 வோல்ட் பல்பு ஒன்றை இணைத்து, சாவியைத் திருப்பி, பாயிண்ட் மூடும் வரை டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டாரின் திசையிலும், பிறகு மெதுவாக எதிர்த்திசையிலும் திருப்புங்கள். பல்பு எரியத் தொடங்கும் இடமே சரியான இடம். காயில் சூடாகிவிடும் என்பதால் முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள்.