ஆஃப்பாயிலுக்கு ஒரு மஞ்சள் மூடி

கேள்வி: சமையலறையில் சேரும் பிளாஸ்டிக் உறைகளையும் மூடிகளையும் வைத்து, பார்த்தால் நிஜச் சாப்பாடு போலவே இருக்கும் ஒரு விருந்து மேசை செய்ய ஆசை. மகளின் பள்ளிக் கண்காட்சியில் வைக்க இடம் தருகிறார்கள். வீணாகும் உணவைப் பற்றியும் அதில் சொல்ல நினைக்கிறேன். ஆனால் என் கணவர், "குப்பையும் பசியும் விளையாட்டுச் சமாச்சாரமா?" என்கிறார். செய்யலாமா? எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி

பதில்:

தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் கணவரின் கேள்வியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல கேள்வி. பார்க்கிறவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதுதான் முக்கியம். சாப்பாடு கிடைக்காதவரையோ, வேறு வழியில்லாமல் பாக்கெட்டில் வாங்குகிறவரையோ பார்த்துச் சிரிப்பு வருகிறதென்றால், அந்தப் பொருளை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு வெள்ளரிக்காய்க்கு அதன் தோலே நல்ல உறை. அதற்கு மேல் நாம் ஒரு பிளாஸ்டிக் சட்டை மாட்டிவிடுகிறோமே, அந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அது இருக்கட்டும்.

சாப்பாட்டை வைத்து விளையாடுவது கலையில் பழைய வழக்கம்தான். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்டோ, பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் முகத்தையே காய்கனிகளால் வரைந்தார். மூக்கு ஒரு பேரிக்காய். நம் காலத்தில் ராபின் ஃப்ரோஹார்ட் என்ற கலைஞர், 2020இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு மளிகைக்கடையையே அமைத்தார். அலமாரி நிறைய சரக்கு இருந்தது. அத்தனையும் தூக்கியெறிந்த பிளாஸ்டிக்கில் செய்தவை.

சரி, எங்கே தொடங்குவது? எதையும் வாங்காதீர்கள். ஒரு வாரம் உங்கள் வீட்டில் சேர்வதை மட்டும் கழுவிக் காயவைத்து, தரையில் செய்தித்தாள் விரித்துப் பரப்புங்கள். பை தனி, மூடி தனி என்று பிரிக்காமல் நிறம் நிறமாகப் பிரியுங்கள். பூண்டு வந்த வலைப்பை, பிரெட் வந்த உறை, சாஸ் பாட்டில் மூடி எல்லாம் அப்போதுதான் வேறு எதையோ நினைவுபடுத்த ஆரம்பிக்கும்.

முதலில் ஓர் ஆஃப்பாயில் செய்து பாருங்கள். மெல்லிய வெள்ளைப் பாலித்தீன் பையைக் கோணல்மாணலாக வெட்டி, கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் ஒரு தடவு தடவுங்கள். சில நொடிகளில் சுருங்கும். ஓரம் எண்ணெயில் பொரிந்ததுபோல் சுருண்டு, நடுவில் சின்னக் குமிழிகள் எழும். ஆறியதும் ஒரு மஞ்சள் மூடியைக் கவிழ்த்து வையுங்கள், அவ்வளவுதான். நான் செய்ததை ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே விரலால் தொட்டுப் பார்த்தார். தொட்ட கணத்தில் அவர் முகம் மாறியது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

சூடு காட்டும் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2, 4 என்றால் பாலித்தீன். ஜன்னலைத் திறந்து வைத்து லேசாகச் சூடாக்கலாம். 3 என்றால் பிவிசி, சூடு அதிகமானால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும். 6 பாலிஸ்டைரீன், தெர்மாகோல் வகை, அதையும் சூடாக்காதீர்கள். எண்ணே இல்லாவிட்டால் கத்தரிக்கோலும் ஊசிநூலும் போதும். இஸ்திரி வேலை உங்களுடையது, மகளுடையது அல்ல.

வீணாகும் உணவைச் சொல்ல நிஜச் சாப்பாட்டை மேசையில் வைக்காதீர்கள். அதைச் சொல்ல வேறு வழி இருக்கிறது. விருந்து தொடங்கும் மேசையை விட்டுவிட்டு, எல்லோரும் சாப்பிட்டு எழுந்துபோன மேசையைச் செய்யுங்கள். ஒரு கடி மட்டும் கடித்த ரொட்டி, ஓரமாக ஒதுக்கிய காய், பாதி குடித்த பழச்சாறு. 2022இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில். நிஜ மிச்சம் அழுகி மண்ணாகிவிடும். உங்கள் பிளாஸ்டிக் மிச்சம் அப்படியே கிடக்கும். வீணான உணவும் பிளாஸ்டிக்கும் ஒரே தட்டில் வந்துவிட்டன, பார்த்தீர்களா?

ஜிகினாத் தூள் தூவாதீர்கள், பெரும்பாலும் அதுவும் பொடித்த பிளாஸ்டிக்தான். பசைக்குப் பதிலாக நூலால் தையுங்கள், கம்பியால் கட்டுங்கள். என் முதல் முயற்சியில் பசையையும் பெயிண்டையும் தாராளமாகப் பூசினேன். கண்காட்சி முடிந்து பிரிக்கப் பார்த்தால் எதுவும் பிரியவில்லை. பழைய பொருள் எடுப்பவரும் வேண்டாம் என்றுவிட்டார். முழுதாகக் குப்பைக்குப் போனது, இன்றும் மனதை உறுத்துகிறது. 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதம்தான் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. நாமும் அந்த மீதியில் சேர வேண்டாமே.

அப்புறம், பள்ளியில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் எழுதி வைக்கச் சொல்வார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு போதும்: உணவின் பெயர், அந்த உறை வீட்டுக்கு வந்த நாள், எத்தனை நிமிடம் பயன்பட்டது. அந்த நிமிடக் கணக்கை எழுதும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள். ஒரு வாரம் அவரே கடிகாரம் பார்த்துக் குறிக்கட்டும்.