ஒன்றரை ஷிப்ட் நின்னுபோச்சு, கார்டு கடனை எப்படி அடைக்கறது?

கேள்வி: திருப்பூர்ல வீட்டுக்காரர் எக்ஸ்போர்ட் கம்பெனி டெய்லருங்க. ஒன்றரை ஷிப்ட் ஓடினப்போ மாசம் 38,000 வரும், அமெரிக்கா வரி போட்டதுலருந்து ஒரு ஷிப்ட் கூட முழுசா இல்ல, 24,000 வந்தா பெருசு. வீட்டு லோன் 2021-ல 20 லட்சம் எடுத்தோம், இஎம்ஐ 15,300 இருந்தது, 2023-ல 17,000 ஆக்கிட்டாங்க. கிரெடிட் கார்டுல 80,000 நிக்குது, மாசம் 4,000 மினிமம் கட்டறேன். லோன் ஆப்ல கடன் வாங்கி கார்டை அடைச்சிடலாமா? ஆறு பவுன் நகை இருக்கு, அதைத் தொட மனசு வரல.

பதில்: சகோதரி, நீங்க ஊதாரித்தனமா எதுவும் பண்ணல, அதை முதல்ல மனசுல வைங்க. 2025 ஆகஸ்ட் 27-ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ உங்க ஊர்ல எத்தனை வீட்டுல இதே நிலைமை. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், அந்த அரை ஷிப்ட் காசு நிரந்தரம்னு நம்பித்தான் இஎம்ஐயே போட்டிருக்கீங்க, அது நின்னதும் மொத்த வீடும் ஆடுது.

லோன் ஆப் வேண்டவே வேண்டாம். போன்ல இருக்கற நம்பர் எல்லாம் பாக்க பர்மிஷன் கேட்டா அது ஆர்பிஐ விதிப்படியே தப்பு.

கார்டு ஸ்டேட்மெண்ட்டை எடுத்து வட்டின்னு போட்டிருக்கற லைனை மட்டும் பாருங்க. மாசம் மூன்றரை சதவீதம்னா 80,000-க்கு 2,800, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 504. நீங்க கட்டற 4,000-ல அசல்ல கழியறது 700 கூட இல்ல, இதுல பாக்கி இருக்கறப்போ புதுசா மளிகை வாங்கினாலும் வாங்கின அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். அதனால கார்டை இன்னைக்கே பீரோவுல வைங்க.

நகையைத் தொட மனசு வராதுன்னு புரியுதுங்க. ஆனா விக்கச் சொல்லல, இப்ப இருக்கற விலைக்கு ரெண்டு பவுனை பேங்க்ல அடகு வச்சாலே 80,000 கிடைச்சிடும், வருஷம் 10 சதவீதம்னு வச்சாலும் வட்டி மாசம் 670 தான். கார்டை ஒரே அடியா முடிச்சிடலாம்.

அடுத்தது வீட்டு லோன். உங்க லோன் ரெப்போ வட்டியோட, அதாவது ஆர்பிஐ பேங்குகளுக்குக் கடன் குடுக்கற வட்டியோட, இணைச்சதான்னு பேங்க்ல கேளுங்க. 2025-ல மட்டும் ஆர்பிஐ அந்த வட்டியை 1.25 சதவீதம் குறைச்சிருக்கு, ஆனா பேங்க் பெரும்பாலும் இஎம்ஐயைக் குறைக்காது, லோன் வருஷத்தைத்தான் குறைக்கும். இஎம்ஐயைக் குறைச்சுக் குடுங்கன்னு எழுதிக் குடுத்தா மாசம் ஆயிரத்துக்கு மேல மிச்சமாகும். சாதாரணமா நான் இதைச் சொல்ல மாட்டேன், மொத்த வட்டி கூடும், ஆனா இப்ப உங்களுக்கு மாசக் கடைசி தாண்டறதுதான் முக்கியம்.

அடகு ரசீதுல இருக்கற கெடு தேதியை சமையல்கட்டு காலண்டர்ல எழுதி வைங்க, ஏலத்துக்கு விட்டுடாதீங்க. திரும்ப ஒன்றரை ஷிப்ட் ஆரம்பிச்சா அந்த அரை ஷிப்ட் காசு முழுக்க நகையை மீட்கத்தான், அதுக்கு அப்புறமும் அதை நம்பி புது இஎம்ஐ எதுவும் போட வேண்டாம்.