தட்டு எத்தனை அடி உயரத்தில்? குசினிக் கேள்வி-பதில்

கிளிநொச்சியில் எங்கள் மரவேலைப் பட்டறைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் கட்டில், கதவுநிலை, யன்னல் என்றுதான் கேட்பார்கள். இப்போது பாதிப்பேர் குசினியைப் பற்றிக் கேட்கிறார்கள். குசினி சின்னது, மாசியில் அறுவடை முடிந்தால் சாமான் பெரியது. நிலத்தில் கால் வைக்க இடமில்லை, சுவர் மட்டும் வெறுமையாக நிற்கிறது. அண்மையில் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணை, எங்கள் குசினி எட்டடிக்கு ஏழடி. ஒரு கதவு, இரண்டு யன்னல், மூலையில் அடுப்புத் திட்டு. சாமான் எல்லாம் வாளியிலும் உரப்பையிலும் நிலத்தில் கிடக்கிறது. கூரை வரைக்கும் தட்டு அடிக்கலாமா? (புதுக்குடியிருப்பு)

அடிக்கலாம் தங்கச்சி. ஆனால் அளவுநாடாவுக்கு முன்னர் ஒரு கரித்துண்டை எடுங்கள். வீட்டில் சமைக்கிறவர் செருப்பில்லாமல் சுவரோடு நின்று, குதிக்கால் எழும்பாமல் கையை உயர்த்தட்டும். விரல் நுனி தொடும் இடத்தில் கோடு போட வேண்டாம். ஒரு போத்தலைச் சுற்றிப் பிடித்து இறக்கக்கூடிய உயரத்தில் போடுங்கள். ஐந்தடி உயரமானவருக்கு அது ஆறடிக்குக் கிட்ட வரும். தினம் எடுக்கிற எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கலியாணம் செய்த புதிதில் என் உயரத்துக்கு அளந்து, ஆறேமுக்கால் அடியில் ஒரு தட்டு அடித்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் கழித்து வெள்ளையடிக்க எல்லாவற்றையும் இறக்கியபோது பின்வரிசையில் ஒரு போத்தல் உழுந்து இருந்தது. ஆட்டினேன். உள்ளே மாவும் வண்டும்தான். "ஓ, அது அங்கேயா இருந்தது?" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்தது ஆழம். எல்லாரும் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தட்டுக் கேட்கிறார்கள். நிறைய வைக்கலாம் என்று நினைப்பு. முன்னால் நிற்பது கண்ணுக்குத் தெரியும், பின்னால் நிற்பது என் உழுந்தின் கதிதான். மிளகாய்த்தூள், சரக்கு, சீனி, பருப்புப் போத்தல்களுக்கு ஆறு அங்குலம் போதும். ஒரு வரிசை, ஒரே பார்வையில் எல்லாம். உங்கள் இரண்டு யன்னலுக்கும் இடையில் இரண்டடிச் சுவர் இருந்தால் அதில் மட்டுமே ஆறு தட்டுகள் வரும். தட்டுக்குத் தட்டு இடைவெளியை ஒரே அளவாக வைக்காதீர்கள். உங்களிடம் உள்ள பேணி, போத்தலை அளந்து, மேலே இரண்டு விரல் விட்டு அடியுங்கள். குட்டையான பேணிக்கு மேலே ஒரு சாண் வெறும் காற்று நிற்பதுதான் இடத்தை வீணாக்குவது.

அரிசி வாளி, தேங்காய், எண்ணெய்க் கலன் போன்ற பாரமான சாமான் எல்லாம் இடுப்புக்குக் கீழே. ஆனால் நிலத்தில் அல்ல, அரை அடி உயர்த்திய பலகையில். அப்போதுதான் கூட்டவும் முடியும், எலி போய்வருவதும் தெரியும். கதவுக்கு மேலே இருக்கும் இடத்தை யாரும் கவனிப்பதில்லை. அங்கே ஒரு அகலப் பலகை போட்டால் பொங்கல் பானை, பெரிய தாச்சி, வருடத்தில் இரண்டு தரம் எடுக்கிற இடியப்பத் தட்டுகள் எல்லாம் ஏறிவிடும். தகரக் கூரை என்றால் மேல் இரண்டடியும் மத்தியானத்தில் அடுப்பு மாதிரிக் கொதிக்கும். பால்மா, எண்ணெய், தேன் மூன்றையும் அங்கே ஏற்றாதீர்கள்.

சுவரில் துளைபோட்டு, திருகாணியைப் பிடிக்கிற பிளக் அடித்து இரும்புத் தாங்கி பூட்டினோம். ஆறு மாதத்தில் பலகை, போத்தல் எல்லாம் விழுந்துவிட்டது. தாங்கி தரமில்லையா? (ஒட்டுசுட்டான்)

பெரும்பாலும் பிழை தாங்கியில் இல்லை, சுவர் கட்டிய சீமெந்துக் கல்லில். போருக்குப் பிறகு இந்தியா காசு கொடுத்த வீட்டுத்திட்டத்தில் புது வீட்டுக்குக் கிடைத்தது 550,000 ரூபா. அதற்குள் முடிக்க வேண்டும் என்று பலர் வளவிலேயே கல் அரிந்தார்கள். சீமெந்து குறைந்த கல்லும் அதில் உண்டு. அந்தச் சுவர் கூரையைத் தாங்கும், பிளக்கைப் பிடிக்காது.

பார்ப்பது சுலபம். துளை போடும்போது கீழே ஒரு கடதாசியைப் பிடியுங்கள். விழுகிற தூள் சாம்பல் நிறமாக, மா போல மெல்லியதாக வந்தால் கல் நல்லது. சீனி கொட்டுவது போல மணலாகச் சரசரவென்று வந்தால் அங்கே நிறுத்துங்கள். அதற்குள் எவ்வளவு நீளத் திருகாணி போட்டாலும் நாலு மாதத்தில் ஆடத் தொடங்கும். இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள சாந்திலும் துளைக்க வேண்டாம்.

கல் மோசம் என்றால் நான் செய்வது இதுதான்: தட்டின் கால்களை நிலம் வரை இறக்கிவிடுவேன். இரண்டு நிமிர்ந்த சட்டம், இடையில் தட்டுகள். பாரம் முழுவதையும் நிலம் சுமக்கும். சுவரில் மேலே இரண்டு திருகாணி, சட்டம் முன்னால் சாயாமல் பிடிக்க மட்டும். இரண்டு கிலோப் போத்தல் பத்து வைத்தால் இருபது கிலோ, போத்தலின் பாரம் வேறு. மணல் கல்லில் அதைத் தொங்கவிட்டு நித்திரை கொள்ள முடியுமா?

மண்சுவருக்கும் இதே வழிதான். கல் நன்றாக இருந்தால் தாங்கியே போதும், முக்கால் அங்குலப் பலகைக்கு இரண்டடிக்கு ஒன்று. மரத்தூளை ஒட்டிச் செய்த சிப்போட் பலகை வேண்டாம். ஈரம் பட்டால் பாண் போல ஊதும்.

கடையில் ஐந்து தட்டு இரும்பு றாக்கை வாங்கினேன். ஆறடி உயரம். மூன்று வயதுப் பிள்ளை அதில் ஏறுகிறான். (வவுனியா)

இன்றைக்கே மேல் தட்டைச் சுவரோடு கட்டுங்கள். இந்தப் பதிலை வாசித்து முடிப்பது அதற்குப் பிறகு. அரிசியைக் கீழ்த்தட்டில் வையுங்கள், பிஸ்கற் பேணியை மேல்தட்டிலிருந்து இறக்குங்கள். அவன் ஏறுவது அதற்காகத்தான்.

மாமி அடுப்புக்கு மேலே பரண் வேண்டும் என்கிறா. அந்தக் காலத்து யோசனை, குசினி கறுத்துப்போகும் என்று நான் சொல்கிறேன். யார் சொல்வது சரி? (விசுவமடு)

உங்களிடம் இருப்பது விறகடுப்பா, காஸ் அடுப்பா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

விறகடுப்பு என்றால் மாமி சொல்வதுதான் சரி. விதைக்கு விட்ட சோளப்பொத்தி, முற்றிய பீர்க்கங்காய், சுரைக்குடுக்கை, கருவாடு, காய்ந்த மிளகாய் இவற்றுக்கு அதைவிட நல்ல இடம் குசினியில் இல்லை. சூடு ஈரத்தை இழுக்கிறது, புகை பூச்சியை அண்டவிடாது. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் மழை பிடித்துக்கொண்டிருக்கும்போது வெயிலில் போட வழியில்லாத சாமானை அந்தப் பரண்தான் காப்பாற்றும். எங்கள் அம்மம்மா உறியைக்கூடப் புகை லேசாகப் படும் தூரம் பார்த்துத்தான் கட்டுவா.

ஆனால் பரணில் ஏறக்கூடாதவையும் உண்டு. பிளாஸ்ரிக் போத்தல், எண்ணெய், அரைத்த தூள் எதுவும் வேண்டாம். தூளில் மணம் போய்விடும், நிறம் வெளுக்கும். ஓலைப்பெட்டியைத் தீக்கு நேர் மேலே வைக்கவே வேண்டாம். பரணுக்கும் அடுப்புக்கும் நாலடிக்குக் குறையாமல் விடுங்கள். பளபளவென்று படியும் புகைக்கரியும் தீப்பிடிக்கும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதைச் சுரண்டிவிடுங்கள்.

காஸ் அடுப்பு என்றால் நீங்கள் சொல்வது சரி. அதில் புகை இல்லை. வருவது நீராவியும் எண்ணெய்ப் பிசுக்கும். பரணில் வைத்தது காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும்.

குசினியை ஒட்டி இறக்கிய பத்தியில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறோம். பக்கத்து வீட்டுச் சுவரை யானை இடித்துவிட்டது. மூட்டையை உயரத்தில் வைத்தால் தப்பலாமா? (நெடுங்கேணி)

தப்ப முடியாது ஐயா. எலிக்கும் ஈரத்துக்கும் உயரம் உதவும், யானைக்கு உதவாது. அது மணத்தில் வருகிறது, நெல்லுக்கும் வரும், உப்புக்கும் வரும். மேலே வைத்தால் தும்பிக்கைக்கு இன்னும் வசதி. வீட்டில் வைப்பதைக் குறையுங்கள். சாப்பாட்டுக்கு வேண்டியதைக் குற்றி அரிசியாக்கி, மூடி இறுகும் பிளாஸ்ரிக் பரலில் போடுங்கள். மணம் குறையும், முழுதாகப் போகாது. மிச்சத்தை விற்கவோ ஆலையில் வைக்கவோ வழி பாருங்கள். எது எப்படியானாலும், பிள்ளைகள் தலை வைத்துப் படுக்கிற சுவருக்கு மறுபக்கம் மூட்டை இருக்கக்கூடாது. தட்டு அடிக்கிறவன் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

கடற்கரைப் பக்கம் வீடு. இரும்புத் தட்டு எல்லாம் கறள் பிடிக்கிறது. (முல்லைத்தீவு)

கடற்காற்றோடு உங்கள் உப்புப் பேணியும் சேர்ந்து செய்கிற வேலை. காற்றில் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மாரியில் அது அநேகமாகத் தினமும் நடக்கும். ஆனையிறவுக் கல்லுப்பென்றாலும் கடைத்தூளுப்பென்றாலும் மண்சட்டியிலோ கண்ணாடிப் போத்தலிலோ போட்டு, இரும்பைவிட்டுத் தள்ளி மரப்பலகையில் வையுங்கள். தட்டையே மரத்துக்கு மாற்றினால் இன்னும் நல்லது. பூட்டும் திருகாணியும் கறள் பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

றாக்கையின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் வைத்தால் எறும்பு ஏறாது என்று செய்தோம். இப்போது நுளம்பு. (மாங்குளம்)

தண்ணீரில் ஒரு பிடி உப்புப் போடுங்கள், வாரம் ஒருமுறை ஊற்றிக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடத் தேடுகிற இடங்களில் இதுவும் ஒன்று. சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் அதைத்தான் குனிந்து பார்ப்பார். இன்னொன்று, றாக்கை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் சிரட்டை வைத்துப் பயனில்லை. எறும்பு சுவர் வழியாக வரும்.

லண்டனில் இருக்கும் தங்கச்சி ஒரு படம் அனுப்பினாள். நிலத்திலிருந்து கூரை வரை ஒரே அலுமாரி, இழுத்தால் முழுத்தட்டும் வெளியே வருகிறது. காசும் அனுப்புகிறேன் என்கிறாள். செய்யலாமா? (கிளிநொச்சி)

செய்து தரலாம். எனக்கு நல்ல வருமானம். ஆனால் முழுப் பாரமும் இரண்டு தண்டவாளத்தில் தொங்குகிறது. எங்கள் செம்மண் தூசி அதற்குள் போனால் இரண்டு வருடத்தில் இழுக்க இரண்டுபேர் வேண்டும். கதவு இறுக மூடிய அலுமாரிக்குள் மாரியில் காற்றோட்டமும் இல்லை, கார்த்திகையில் திறந்தால் பூஞ்சண மணம்தான் வரும்.

அதே உயரத்துக்கு, வலையடித்த கதவு போட்ட பழைய மாதிரி அலுமாரி செய்யுங்கள். காற்று போகும், பூனையும் கரப்பானும் போகாது, உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரியும். காஸ் சிலிண்டரை மட்டும் அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் அடியில்தான் தங்கும். ஆழம் ஓரடிக்கு மேலே வேண்டாம். பாலை, முதிரை என்று கேட்காதீர்கள், அரசாங்க அனுமதியான பெர்மிற்றோடு வாங்குகிற விலைக்கு அது கட்டாது. சட்டமும் தட்டும் வேம்பிலேயே போதும். மிச்சக் காசில் தங்கச்சிக்கு ஒடியலும் மிளகாய்த்தூளும் அனுப்பலாம். வர முன்னர் கரிக்கோட்டின் உயரத்தை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள், உங்களுடையதை அல்ல, வீட்டில் சமைக்கிறவருடையதை.