எல்டன் ரிங் வீடியோ கேமில் ஆயுதத்தைச் சீக்கிரம் உயர்த்துவது எப்படி?

வேலை முடிந்து எம்ஆர்டி பிடித்து யீஷுன் வந்து சேர்ந்தால் ஒரு மணி நேரம்தான் விளையாடக் கிடைக்கிறது என்கிறீர்கள். சரி, அப்படியானால் கையில் கிடைக்கிற வாளுக்கெல்லாம் அதை உயர்த்தும் கல்லைக் கொட்டாதீர்கள். சாதாரண ஆயுதம் +25 வரை போகும், முதல் மூன்று படிக்கே 2, 4, 6 என்று 12 ஸ்மிதிங் ஸ்டோன் என்ற கல்லைத் தின்றுவிடும். சோம்பர் ஸ்டோன் என்ற வேறு வகைக் கல் கேட்கும் ஆயுதத்துக்கோ படிக்கு ஒரே கல், +10-இல் கதை முடிந்தது. அந்த +25-உம் இந்த +10-உம் கடைசியில் ஒரே நிலைதான், அதனால் என் ஓட்டு சோம்பருக்கு.

இல்லை, சாதாரண வாள்தான் வேண்டும் என்றால் ராயா லுக்காரியா கிரிஸ்டல் டனல் என்ற சுரங்கத்தில் கிரிஸ்டலியன் என்ற எதிரியை அடித்து (சுத்தியல் மாதிரி மொத்துகிற ஆயுதம் எடுத்துப் போங்கள், வாள் அதன் மேல் சும்மா உரசும்) அது போடும் பெல் பேரிங் என்ற பொருளை ரவுண்ட்டேபிள் ஹோல்ட் என்ற இடத்தில் கடை நடத்தும் ட்வின் மெய்டன் ஹஸ்க்ஸிடம் கொடுங்கள், அப்புறம் ஸ்மிதிங் ஸ்டோனில் முதல் இரண்டு வகையையும் ரூன் (இந்த விளையாட்டின் பணம்) கொடுத்து வேண்டிய அளவு வாங்கலாம். கவசத்துக்குக் கல் தேடி அலைய வேண்டாம், அதை இதில் உயர்த்தவே முடியாது.