அடுத்தவர் குரலில் எழுதுவது – கடிதம்

அன்புள்ள அக்கா,

நாமக்கல்லில் இருக்கிறேன், வயது 28. ஒரு கன்டென்ட் கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, தனியாக கோஸ்ட் ரைட்டிங், அதாவது அடுத்தவர் பெயரில் எழுதித் தரும் வேலை, தொடங்கியிருக்கிறேன். இரண்டு டாக்டர்களுக்கு லிங்க்ட்இன் பதிவுகள் எழுதித் தருகிறேன். இப்போது முதல் புத்தக வேலை வந்திருக்கிறது. கிளீனராக ஆரம்பித்து இன்று 16 லாரி வைத்திருக்கும் ஒருவரின் வாழ்க்கைக் கதை. அவர் பேச்சு ரொம்பக் கொச்சை. ரெக்கார்டு செய்து ஏஐயில் போட்டு நல்ல தமிழாக மாற்றிக்கொள்கிறேன். சொல்லுக்கு எவ்வளவு கேட்கலாம்? வெப்சைட் அவசியமா? மேலும் ஆள் பிடிப்பது எப்படி? அடுத்தவர் பெயரில் எழுதுவது தப்போ என்ற உறுத்தலும் இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வெப்சைட்டை இப்போதைக்கு விடுங்கள். லாரிக்காரரின் புத்தகம் நன்றாக அமைந்தால், அதைப் படித்தவர்களில் ஒருவர் உங்களைத் தேடி வருவார். எனக்கு ஆட்கள் அப்படித்தான் வந்தார்கள். உறுத்தலும் வேண்டாம். எழுதத் தெரியாதவருக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரை யாரும் குற்றம் சொல்வதில்லை. மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதிக் கொடுப்பது வேறு. அது மோசடி, எவ்வளவு கொடுத்தாலும் தொடாதீர்கள்.

சொல்லுக்கு இவ்வளவு என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய எனக்கு நான்கு மணி நேரம் ஆகும். அதில் முக்கால்வாசியை வெட்டுவதுதான் அப்புறம் வரும் வேலை. வெட்டியதற்குச் சொல் கணக்கில் யார் காசு தருவார்கள்? மொத்த வேலைக்கு ஒரு தொகை பேசுங்கள். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், ஒரு பங்கு முதல் பிரதி தரும்போது, மிச்சம் கடைசி ஃபைலைக் கொடுக்கும் முன்.

எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் உட்காராதீர்கள். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருப்பவர் வேலையாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. உங்களைப் போல வெளியிலிருந்து எழுதுபவர் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுத்தால்தான் உரிமை அடுத்தவருக்குப் போகும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான் கணக்கு. எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இரண்டு தரப்பும் இதைத் தெரிந்துகொண்டு எழுதிக்கொள்வது நல்லது. பிரான்சில் புகழ்பெற்ற நாவலாசிரியர் டூமாவோடு சேர்ந்து நாவல்கள் எழுதிய ஒகுஸ்த் மாக்கே 1850களில் கோர்ட்டுக்குப் போனார். பணம் கிடைத்தது, அட்டையில் பெயர் கிடைக்கவில்லை.

சரி, இதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ‘ரொம்பக் கொச்சை’ என்ற சொல்தான். தம்பி, அந்த மனிதர் தன் 16 லாரியையும் அந்தப் பேச்சை வைத்துத்தான் சம்பாதித்தார். அதைக் கொச்சை என்கிற நீங்கள் அவர் கதையை எப்படி எழுதுவீர்கள்? கடன், குடும்பம், சண்டை எல்லாவற்றையும் அவர் உங்களை நம்பிச் சொல்கிறார். அதை ஒரு மெஷினுக்குள் போடலாமா என்று அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

எனக்கும் இந்தத் தப்பு நடந்திருக்கிறது. ஏஐ எல்லாம் வராத காலம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில் பெரியவர். சதாபிஷேகத்துக்கு அவர் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று மகன்கள் கூப்பிட்டார்கள். 22 மணி நேரம் பேசினார். நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதினேன். ‘அனுபவமே என் ஆசான்’ என்று முதல் அத்தியாயத்தைத் தொடங்கியிருந்தேன். அந்த வரியில் எனக்குப் பெருமை வேறு.

கூடத்தில் வைத்து வாசித்துக் காட்டினேன். பெரியவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கதவோரம் நின்ற அவர் மனைவிதான் கேட்டார்: “இது யாரும்மா?”

எனக்குப் புரியவில்லை.

“இவரு என்னைக்கு ஆசான் கீசான்னு பேசுனாரு? களத்துல நெல்லைக் கடிச்சே முன்பல்லு தேஞ்சு போச்சு. அதைக் காணோமே.”

வீட்டுக்கு வந்து கேசட்டுகளை மறுபடி போட்டேன். இரண்டாவது கேசட்டிலேயே சொல்லியிருக்கிறார். அவித்த நெல் களத்தில் காயும்போது நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பாராம். “டொக்குன்னு ஒடையணும்மா. நசுங்குச்சுன்னா இன்னும் காயல. மெஷின்ல போட்டா நொய்யாப் போயிரும்.” அந்த ‘டொக்’ சத்தத்துக்காக நாக்கைத் தட்டிக் காட்டியதுகூடப் பதிவாகியிருக்கிறது. எதிரில் உட்கார்ந்து கேட்ட நான் அதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆசானைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

மொத்தத்தையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இரண்டு மாதம் கூடுதலாக ஆனது, அதற்குக் காசு கேட்கவில்லை. எழுத்து நடைதான், ஆனால் வாக்கியத்தின் நீளம் அவருடையது. நொய், ஊறல், அவியல் எல்லாம் அவர் சொன்னபடியே. அவர் மூச்சு வாங்கிய இடத்தில் முற்றுப்புள்ளி. இரண்டாம் முறை வாசித்தபோது அந்த அம்மா கதவோரத்திலிருந்து வந்து கீழே உட்கார்ந்தார். நடுவில் ஒரு தேதியைக்கூடத் திருத்தினார்.

உங்கள் லாரிக்காரரிடம் திரும்பப் போங்கள். ஏஐ திருத்தியதையெல்லாம் தூரப் போடுங்கள். கிளீனராக ஏறிய முதல் ராத்திரி எங்கே படுத்தார், டிரைவர் எப்படி எழுப்பினார், கையில் எவ்வளவு காசு இருந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள். அந்த ஒரு மணி நேரத்தை உங்கள் கையாலேயே, ஒரு ‘ம்’ விடாமல் தட்டச்சு செய்யுங்கள். அவர் சம்மதித்தால் முதல் இரண்டு பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். என்ன தொகை கேட்கலாம் என்று அதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா